மல்லிகையில் அடித்த கவுச்சி

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க்கச் சாதாரண மூக்குதான். நடுவில் கொஞ்சம் சப்பை, நுனியில் கொஞ்சம் திமிர். ஆனால் திண்டிவனம் தாலுகா ஆபீஸில் அதிகாரியின் முன்னால் சாட்சியாகக் காட்டப்பட்ட மூக்கு எங்கள் வம்சத்திலேயே இது ஒன்றுதான். அதுவும் பெற்ற தாய்க்கு எதிராக.

நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மரக்காணத்தை ஒட்டிய ஒரு கடலோரக் குப்பம். அப்பா கடலுக்குப் போவார். அவர் கொண்டுவருவதையும், போதாததற்குக் கரையில் ஏலம் எடுப்பதையும் அம்மா அன்னக்கூடையில் அடுக்கி, ஐஸ் தூவி, ஈரச்சாக்கால் மூடித் திண்டிவனம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். அன்னக்கூடை என்றால், கல்யாண வீட்டில் சோறு கொட்டி வைக்கிற அகலமான அலுமினியப் பாத்திரம். எங்கள் பக்கத்தில் அதில் சோற்றைவிட மீன்தான் அதிகம் பயணம் செய்திருக்கிறது.

என்னைத் திண்டிவனத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தது அம்மாவின் பிடிவாதம். அங்கே நான் முதலில் தேர்ச்சி பெற்ற பாடம், நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதை மறைப்பது. வாத்தியார் யாரும் நடத்தவில்லை, நானே படித்துக்கொண்டேன். வழியில் பிரம்மதேசத்தில் பேருந்து ஏறும் ஒரு தோழி எனக்கு இருந்தாள். அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று அவள் கேட்டதற்கு, ஆபீஸில் என்றேன். எந்த ஆபீஸ் என்றாள். கடல் சம்பந்தப்பட்ட ஆபீஸ் என்றேன். இன்றுவரை நான் சொன்ன பொய்களில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் போன பொய் அதுதான். அதோடு நிற்காமல், எங்கள் வீட்டில் வாரம் ஏழு நாளும் சைவம் என்று சேர்த்துச் சொன்னேன். முந்தின நாள் தின்ற காரப்பொடி மீனின் முள் ஒன்று அப்போதும் என் கடைவாய்ப் பல்லில் சிக்கிக்கொண்டிருந்தது.

நானும் அம்மாவும் போவது ஒரே பேருந்து. காலை ஏழு மணிக்கு வரும் தனியார் பேருந்து அது. நான் முன்வழியில் ஏறுவேன், அம்மாவோடு சேர்த்து மீன்காரப் பெண்கள் ஏழு பேரும் பின்வழியில் ஏறுவார்கள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நாற்பது பேர் இருப்பார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

பிறகு முதலாளி புதுப் பேருந்து வாங்கினார். மெத்தை சீட்டு, டிவி, ஜன்னலுக்குத் திரைச்சீலை. மூன்றாம் நாளே கண்டக்டர் சொல்லிவிட்டார், இனி இதில் மீன்கூடை ஏறக் கூடாது, கவுச்சி தாங்க முடியவில்லை என்று பயணிகள் புகார் சொல்கிறார்கள் என்று. அதன்பின் அன்னக்கூடை கண்ணில் பட்டால் பேருந்து நிற்காது. பள்ளிச் சீருடை கண்ணில் பட்டால் நிற்கும். அதனால் பெண்கள் சவுக்குமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எனக்காகப் பேருந்து நின்றதும் கூடையோடு ஓடி வருவார்கள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுப்பார். பேருந்து என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். நான் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்ததில்லை. திரைச்சீலை ரொம்ப அழகாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பேருந்து ஒன்பதரைக்கு. அதில் போய்ச் சேர்வதற்குள் ஹோட்டல்காரர்கள் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள், ஐஸ் தண்ணீராகியிருக்கும். ஏழு பேரில் ஒருத்தி உப்பளத்துக்கு ஆள் கேட்கிறார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் அம்மா அப்பாவிடம், “இப்படியே போச்சின்னா பாப்பாவ இங்கயே சேத்துட வேண்டிதான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் பயந்துபோனேன். அம்மாவின் பிழைப்பை நினைத்து அல்ல. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நான் இங்கிலீஷில் விட்ட உதாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவருமே என்றுதான்.

இந்த ஏழு பேருக்கும் தலைவி என் பெரியம்மா, அம்மாவுக்கு அக்கா. ஏலத்தில் அவள் குரல் கொடுத்தால் கரையில் இருக்கும் காக்கைகள் எழுந்து பறக்கும். முதலாளியின் ஆபீஸுக்கு இரண்டு முறை போய் வந்தாள். இரண்டு முறையும் மேனேஜர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: உங்கள் மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை, மீன் கவுச்சிதான் பிரச்சினை. பெரியம்மா திரும்பி வந்து, “கவுச்சி எங்கேருந்து வருதுன்னு பாத்துடலாம்” என்றாள். அதற்குமேல் என் முன்னால் யாரும் பேசவில்லை. குப்பத்தில் எனக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பெயர். ரகசியம் காக்க வேண்டுமென்றால் முதலில் என்னைத் தள்ளி வைப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா விடிந்ததும் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்தாள். வழக்கமாக மீன் விற்றுத் திரும்பி வந்துதான் குளிப்பாள். பீரோவிலிருந்த மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டாள். எந்த வீட்டிலோ விசேஷம், என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று எனக்குக் கோபம்.

“ஜல்தி கெளம்பு. பஸ்ஸ உட்டுடாத,” என்று சொல்லிவிட்டு லோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

நான் வழக்கம்போல் ஏறி, முன்பக்கம் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தேன். பிரம்மதேசத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதே சமயம் பின்வழியில் ஒருவர் பின் ஒருவராக ஏழு பெண்கள், ஏழு அன்னக்கூடைகள், மேலே ஈரச்சாக்கு. முன்னால் பெரியம்மா. கடைசியில் மஞ்சள் புடவை.

என் கை என்னைக் கேட்காமலே எழுந்து மூக்கைப் பிடித்தது. அந்தப் பேருந்தில் முதலில் பிடிக்கப்பட்ட மூக்கு என்னுடையதுதான். என்னைப் பார்த்துத் தோழி பிடித்தாள். அவளைப் பார்த்து எதிர்சீட்டு அம்மாள் கைக்குட்டை எடுத்தார். நான் நடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கவுச்சி அடித்தது. ஐஸ் உருகிய தண்ணீரும் செதிலும் கலந்த அந்த வாடை தெளிவாக, அடையாளத்தோடு அடித்தது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் போனார்.

“யாரும்மா ஏத்துனது? எறங்கு, எறங்கு. எத்தினி வாட்டி சொல்றது.”

“இன்னா தம்பி ஆச்சி?” என்றாள் பெரியம்மா. அவள் குரல் இவ்வளவு மெதுவாகக்கூட வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

“இன்னா ஆச்சியா. பஸ்ஸு பூரா கவுச்சி.”

“நல்லா மோந்து பாத்துட்டுச் சொல்லு. அப்பால மாத்திப் பேசக் கூடாது.”

“மோந்து வேற பாக்கணுமா. டிரைவர் சீட்டு வரைக்கும் அடிக்குது.”

பெரியம்மா பயணிகள் பக்கம் திரும்பினாள். “ஏங்க, உங்களுக்கும் அடிக்குதுங்களா?”

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், “காலங்காத்தால பேஜாரும்மா. எனக்கு வாந்தியே வருது,” என்றார்.

“இன்னா மீனு மாதிரி இருக்குதுங்க?”

அவர் கண்ணை மூடி ஒருமுறை இழுத்துப் பார்த்து, “நெத்திலி,” என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நெத்திலி இவ்ளோ அடிக்காதுங்க. இது கருவாடு.” இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். தனியாக ஒரு குரல் சுறா என்றது. எனக்கு நெத்திலிக் கட்சிதான் சரியென்று பட்டது.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். “தொற,” என்றாள்.

அம்மா குனிந்து ஈரச்சாக்கை இரண்டு கையாலும் சுருட்டி எடுத்தாள்.

கூடை நிறைய மல்லிகை. காலையில் பறித்த மொட்டு, விளிம்பு வரை குவிந்து கிடந்தது. அம்மா சாக்கை எடுத்ததும் அடுத்தவள் எடுத்தாள், அதற்கடுத்தவள் எடுத்தாள். ஏழு கூடையும் வெள்ளை. நான் அதற்கு முன்னும் பின்னும் கோயில் திருவிழா பார்த்திருக்கிறேன், பெரிய இடத்துக் கல்யாணங்கள் பார்த்திருக்கிறேன். ஒரு பேருந்தின் கடைசியில் ஏழு பெண்கள் நிமிர்ந்து நிற்க, அவர்கள் காலடியில் அவ்வளவு பூ கிடந்ததைப் போல ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை. டிவியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கையை நீட்டி அதை அணைத்தார். அப்புறம்தான் வாசனை வந்தது. மெதுவாக, சீட்டு சீட்டாக முன்னேறி வந்தது. நெத்திலிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கூடயும் புதுசுங்க,” என்றாள் பெரியம்மா. “எங்க கல்யாணத்துக்குச் சீரா குடுத்தது. பரண்லயே கெடந்துச்சி. இன்னிக்கி வரைக்கும் ஒரு மீனு ஏறல.”

கண்டக்டர் பாவம், வேறு வழி தெரியாமல், “பூவா இருந்தா இன்னா, கூடன்னா கூடதான். எறங்கு,” என்றார்.

அதுவரை வாய் திறக்காத அம்மா கேட்டாள். “கூடைல பூ இருக்குது. கவுச்சி அடிக்குதுன்றீங்க. அப்போ எங்கேருந்துங்க அடிக்குது?”

அம்மா பதிலுக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் குனிய வேண்டும் என்று நினைத்தேன். உடம்பு குனியவில்லை. விரல் இரண்டும் இன்னும் மூக்கில்தான் இருந்தன, எடுக்க மறந்துபோயிருந்தது. அம்மாவின் பார்வை என் சீட்டுக்கு வந்தது, தாண்டிப் போனது. அப்பாடா, பார்க்கவில்லை என்று மூச்சு விட்டேன். மூக்கைப் பிடித்திருந்ததால் வாய் வழியாகத்தான் விட முடிந்தது.

ஏழு பேரும் தாங்களாகவே இறங்கினார்கள். இறங்கி, பேருந்துக்கு முன்னால் தார் ரோட்டில் வட்டமாக உட்கார்ந்து பூக்கட்ட ஆரம்பித்தார்கள். பூக்கட்டுவதில் அவர்கள் யாரும் கெட்டிக்காரிகள் இல்லை. பெரியம்மா வலைமுடிச்சுப் போட்டுக் கட்டினாள். அந்தச் சரத்தில் பூ உதிராது, திமிங்கலம் சிக்கினாலும் அறுத்துக்கொண்டு போகாது. பேருந்து நகரவில்லை, பின்னால் வந்தவையும் நகரவில்லை. போலீஸ் வந்தது, பேசியது, சாயங்காலம் நாலு மணிக்குத் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை என்று முடிவானது.

வழி கிடைத்துப் பேருந்து கிளம்பியபோது தோழி என் காதில் கேட்டாள். “நெஜமாவே உனக்கு மீன் ஸ்மெல் வந்துச்சா? எனக்கு ஒண்ணுமே வரல. நீ புடிச்சன்னுதான் நானும் புடிச்சேன்.”

“வந்துச்சே,” என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

பள்ளிக்கு அப்பா ஆளனுப்பி, சாயங்காலம் நேரே தாலுகா ஆபீஸுக்கு வந்து அம்மாவோடு வீடு திரும்பச் சொல்லியிருந்தார். நான் போனபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது. கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் அதிகாரி. ஒரு பக்கம் மேனேஜர். இன்னொரு பக்கம் ஏழு பெண்கள். பெரியம்மாவின் வீட்டுக்காரர், என் பெரியப்பா, வாசற்படியில் நின்றிருந்தார்.

அதிகாரி, பேருந்தை மறிக்கும் அளவுக்கு அப்படி என்ன நடந்துவிட்டது என்று கேட்டார். ஏலக்கரையில் ஒருவர் வாயை இன்னொருவர் அடைக்க முடியாத அந்தப் பெண்கள், அன்று ஒருவர் பேச மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி, கல்யாணப் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனதைச் சொன்னாள். இன்னொருத்தி, மகளைப் பெண்பார்க்க வந்த அன்று, வந்தவர்களுக்கு வாடை அடித்துவிடுமோ என்று பயந்து பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதாகச் சொன்னாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று குப்பமே நம்பியிருந்தது.

பிறகு பெரியம்மா. ஏழு மாதக் கர்ப்பத்தில், அடைமழையில், கவுச்சி என்று சொல்லி எந்த ஊரும் இல்லாத இடத்தில் ஒரு வண்டியிலிருந்து அவளை இறக்கிவிட்டிருக்கிறார்கள். கூடையோடு நடந்தே வந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. “ஊட்ல கெணத்தாண்ட வழுக்கி உயுந்துட்டேன்னு சொன்னேங்க,” என்றாள். “எறக்கி உட்டாங்கன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சி.”

வாசற்படியில் பெரியப்பா மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அதை அவர் அன்றுதான் கேட்கிறார் என்பது பதினோரு வயசில் எனக்கே புரிந்தது. காக்கை விரட்டும் பெரியம்மாவுக்குள் இப்படி ஒன்று இத்தனை வருஷம் சத்தமே போடாமல் இருந்திருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

மேனேஜர் தன் போனை எடுத்தார். பேருந்தில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன் வீடியோ எடுத்திருக்கிறான். அது அவர் கைக்கு வந்திருந்தது. அதை ஒரு இடத்தில் நிறுத்தி, அதிகாரியிடம் காட்டினார்.

“பெரியவங்க சொன்னா பொய்னுவாங்க சார். தோ, இந்தக் கொழந்தையப் பாருங்க. கூட ஏறுனவுடனே மூக்கப் புடிச்சிக்கிது. கொழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியுமா?”

நான் பெஞ்சில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். சீருடை, சிவப்பு ரிப்பன், முகத்தில் பாதியை மறைத்த கை. நல்லவேளை, எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் சிவப்பு ரிப்பன்தான். இருந்தாலும் என் ரிப்பனை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன்.

“யார் வீட்டுப் பிள்ளை இது? தெரியுமா உங்களுக்கு?” என்று அதிகாரி பெண்களைக் கேட்டார்.

அம்மா போனை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பெரியம்மா எட்டிப் பார்க்க வந்தபோது, போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“தெரிலீங்க,” என்றாள். பிறகு சொன்னாள். “ஆனா அந்தப் புள்ள பொய் சொல்லலீங்க. அதுக்கு நெஜமாவே அடிச்சிருக்கும். எங்கள எறக்கி உடறத தெனம் பாத்துகினு போவுது. இவங்கன்னா கவுச்சின்னு மனசுல ஏறிப்போச்சி. அப்பால பூ வெச்சா இன்னா, சந்தனம் வெச்சா இன்னா, கவுச்சிதான் அடிக்கும். எங்கள நீங்க ஏத்தலன்னா பரவால்லீங்க. நாங்க நடந்துகூடப் போய்டுவோம். அந்தப் புள்ள பெரிசாயி, தன்னயே மோந்து பாத்துகினு ஒரு மூலைல உக்காந்துடப் போவுதோன்னுதான் எனக்கு பயமா இருக்குது.”

அதிகாரி போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். பிறகு போனை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்து, ஏழு பேரையும் மறுநாள் காலையிலிருந்து ஏற்ற வேண்டும் என்றார். கூடைக்கு மூடி, பின்பக்கம் அதற்கென்று ஓர் இடம், நிறுத்தத்தில் கட்டாயம் நிற்பது. எழுதி, கையெழுத்து வாங்கினார். மேனேஜர் கையெழுத்துப் போட்ட பேனாவை வாங்கி, பெரியம்மாவும் போட்டாள். இன்றைக்கும் அந்தத் தடத்தில் பின்கதவை ஒட்டி அந்த இடம் இருக்கிறது. ஏறுகிற பெண்கள்தான் மாறியிருக்கிறார்கள். ஏன் அந்த இடம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பேருந்தில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையில் வலைமுடிச்சு மல்லிகை. எனக்கு ஒரு விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ரொம்பச் சாமர்த்தியமாக, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“யாரும்மா அந்தப் புள்ள?”

“யாரோ,” என்றாள் அம்மா. “முகம் தெரியல. கை மறச்சிகினு இருந்துச்சி.”

தப்பித்தேன். அந்த நிம்மதியில் அவள் தோளில் சாய்ந்து தூங்கியும் போனேன்.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் கரையில் நின்றிருந்தோம். கடலில் கடுகு கடுகாக இருபது படகுகள். அம்மா கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, “தோ, இடதுபக்கத்துலேருந்து நாலாவது, அதான் உங்கப்பா,” என்றாள். நாலாவதுதான் அப்பா. இவ்வளவு தூரம் தெரிகிற அம்மாவுக்கு, கையிலிருந்த போனில் என்னைத் தெரியவில்லையே என்று யோசித்தேன்.

அப்பா கரையேறியதும் நான் அவரைத் தனியே கூப்பிட்டு, அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி போட வேண்டும் என்று மிகுந்த அக்கறையோடு சொன்னேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வலையை உதறிக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டார்.

“இன்னாமே, பாப்பா இன்னமோ சொல்லுது. கண்ணு தெரிலியா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஆமா. தூரத்துல இருக்கிறது நல்லாத் தெரியுது. கிட்டக்க இருக்கிறதுதான் சில நேரம் தெரிய மாட்டேங்குது,” என்றாள்.

பார்த்தீர்களா என்பதுபோல் நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவின் வியாதியை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை.